மஞ்சுளா கை வைத்த தண்ணீர்

அந்த மீன்களைக் கொன்றவள் நான்தான். மஞ்சுளா கொல்லவில்லை.

இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்ல எனக்கு இத்தனை காலம் ஆயிற்று. அதையும் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லவில்லை; முகம் தெரியாத உங்களிடம் வந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதிலும் ஒரு கோழைத்தனம் இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றினால்... ஆம், இருக்கிறது! நான் மறுக்கவில்லை.

மீன் செத்ததற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால் கூடை கூடையாய்ச் செத்த மீன் கிடக்கிறது, அதற்கெல்லாம் யார் அழுகிறார்கள் என்பீர்கள். கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் நான் சொல்லி முடித்த பிறகு கேளுங்கள்.

நான் அறிவியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்கு வருடா வருடம் நைட்ரஜன் சுழற்சியைக் கரும்பலகையில் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, கலர் சாக்பீஸில் எழுதிக் காட்டுகிறவள். உயிர்களின் கழிவில் அம்மோனியா இருக்கிறது, பாக்டீரியாக்கள் அதைத் தின்று வேறொன்றாக மாற்றுகின்றன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்துவிட்டாள் பாவம் என்று நீங்கள் என்மீது இரக்கப்பட்டுவிடக் கூடாது. எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்!

என் கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். அவர்களுக்குப் பூர்வீகம் வடக்கனந்தல். நிலம் நீச்சு எல்லாம் அங்கேதான். கள்ளக்குறிச்சியில் மனை வாங்கிப் புது வீடு கட்டினோம். கூடத்தின் நடுச்சுவரில் ஒரு மீன் தொட்டி வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது நான். தங்கமீன் தொட்டி ஊரில் பல் டாக்டர் வீட்டிலும் இருக்கிறது, நகைக்கடையிலும் இருக்கிறது. எனக்கு அது போதவில்லை. எனக்குக் கடல் மீன் வேண்டும். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் வேண்டும், மையில் தோய்த்தாற்போன்ற நீல மீன் வேண்டும். பேருந்து ஏறிக் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ போனால்தான் கடல் என்றிருக்கிற ஊரில், கடலையே கூடத்துக்குக் கொண்டுவந்தவள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். இதுதான் என் ஆசையின் லட்சணம்.

சென்னையில் கடல் மீன் விற்கும் ஒரு கடைக்காரரிடம்தான் எல்லாவற்றையும் வாங்கினேன். அந்த மனிதர் என்னிடம் தெளிவாகச் சொன்னார்.

“மேடம், தண்ணிய ஊத்தி உப்பு கலந்தவொடனே மீனு வுடக் கூடாது. கல்லு, மணலு எல்லாம் செட்டாவணும். ஒரு மாசம் ஆவும், ஜாஸ்தியே ஆவும். அதுக்குள்ள வுட்டீங்கன்னா அதுங்க கழிவே அதுங்களுக்கு வெஷம்.”

எனக்கே பாடமா என்று உள்ளுக்குள் எரிச்சல் வந்தது. “தெரியும் சார், நான் சயின்ஸ் டீச்சர்” என்றேன். அவர் அத்துடன் வாயை மூடிக்கொண்டார். பாவம், டீச்சரிடம் அதற்கு மேல் என்ன பேசுவார்?

கண்ணாடித் தொட்டி வந்து சேரத் தாமதமாயிற்று. புதுமனை புகுவிழாவுக்கு ஒரு வாரமே இருந்தபோதுதான் தொட்டியில் தண்ணீர் ஊற்றினேன். வடிகட்டிய தண்ணீரில் பையிலிருந்த உப்பைக் கொட்டிக் கலக்கி, அளவு பார்த்து, பம்பைப் போட்டுவிட்டேன். தண்ணீர் பளிங்காய் நின்றது. ஆனால் வெறும் தண்ணீர்! கழிவைத் தின்கிற பாக்டீரியா ஒன்றுகூடப் பெருகியிராத தண்ணீர். ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும். பொறுத்தேனா?

“வெறுந் தொட்டிய வெச்சினு இருந்தா வர்ற சனம் இன்னா நெனைக்கும்?” என்றார் என் கணவர். என் மாமியார் ஒரு படி மேலே போய்விட்டார். “பால் பொங்குற நேரத்துல மீனுங்களும் எறங்கட்டும்மா. புது வூட்ல உசுரு ஓடியாடினு இருந்தா நல்லதுதானே” என்றார். ஐயர் குறித்துக் கொடுத்த முகூர்த்தத்திலேயே மீனையும் விடுவது என்று முடிவாயிற்று.

பாக்டீரியாவுக்குப் பஞ்சாங்கம் தெரியுமா? வளர்பிறையில் சீக்கிரம் பெருகுமா? இதை அந்தக் கூடத்தில் நின்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டிருந்தால் விழா அன்று என் தொட்டி காலியாக நின்றிருக்கும். யாரும் வாயைப் பிளந்து பார்த்திருக்க மாட்டார்கள். பழியை அவர்கள்மேல் போடுகிறேனே... எனக்கும் அந்த முகூர்த்தம் வேண்டித்தான் இருந்தது!

அன்று விடியலில் அடுப்பில் பால் பொங்கியது. குலவைச் சத்தத்துக்கு நடுவில் நான் பட்டுப்புடவையோடு மீன் பைகளின் வாயை அவிழ்த்து ஒவ்வொன்றாய்த் தொட்டிக்குள் விட்டேன். ஒரு தொட்டி தாங்குமா என்று யோசிக்காமல் வாங்கிய மீன்கள். குழந்தைகள் கைதட்டினார்கள். என் தலை கூரையில் போய் இடித்தது, அத்தனை பெருமை.

பிறகு மாமியார் மாவிலைக் கொத்தும் செம்புமாக வந்தார். எங்கள் பக்கம் புது வீட்டில் மூலை முடுக்கெல்லாம் கோமியம் தெளிப்பது உங்களுக்குத் தெரியும்தானே? கூடம், படுக்கையறை, கழிப்பறை வாசல் வரைக்கும் தெளித்துக்கொண்டே வந்தவர், தொட்டியின் முன்னால் நின்றார். “இதுவும் ஒரு வூடுதானே” என்று சொல்லி, செம்பில் மிச்சமிருந்ததை அப்படியே தொட்டியில் சாய்த்தார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கோமியத்தில் யூரியா. யூரியா சிதைந்தால் அம்மோனியா. யூரியா மூட்டையை அடுக்கி விற்கிறவரின் மனைவி நான். பள்ளியில் அதைப் பாடமாக நடத்துகிறவள். என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். சொந்தக்காரர்கள் முன்னால் மாமியாரின் கையைப் பிடிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இப்போது மஞ்சுளா.

மஞ்சுளா என் கொழுந்தன் சரவணனின் மனைவி. கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் அவள் ஊர். கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். அங்கேதான் சரவணன் பார்த்தான். காதல் கல்யாணம். “மல மேல போயி பொண்ணு எடுத்துட்டான்” என்று என் மாமியார் அழுத அழுகை இருக்கிறதே! அதன் பிறகு அவர்களை எந்த நல்லது கெட்டதுக்கும் கூப்பிடுவதில்லை. எங்கள் புதுமனை புகுவிழாதான் அவளுக்கு முதல் அழைப்பு. அதுவும் சரவணன் என்னிடம் வந்து, “அண்ணி, இந்த ஒரு தபா அவள உள்ள வுட வையுங்க. அம்மா ஒரு தடவ பேசிட்டா போதும், அப்புறம் அவளே எல்லாத்தையும் சரி பண்ணிப்பா” என்று கெஞ்சி, நான் மாமியாரிடம் பேசி வாங்கிக் கொடுத்த அழைப்பு.

வந்தாள். அம்மா வீட்டுச் சாமை அரிசி ஒரு பை, மலைத்தேன் ஒரு பாட்டில். மாமியார் அதைத் தன் கையால் வாங்கிச் சமையலறையில் வைத்தார். பொங்கிய பாலை எல்லாருக்கும் கொடுத்தபோது, “ஏம்மா மஞ்சுளா, நீயும் வந்து ஒரு டம்ளர் குடி” என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். சரவணன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த வீட்டின் கதவு அவளுக்குத் திறந்துகொண்டிருந்தது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதைத் திறந்துவிட்டதும் நான்தான்.

பந்தி முடிந்து கூட்டம் குறைந்த பிறகு மஞ்சுளா தொட்டியின் முன்னால் வந்து நின்றாள். நகரவே இல்லை.

“இன்னாக்கா, இதுங்கெல்லாம் கடல்லயே கீற மீனுங்களா?”

“ஆமா.”

“நான் கடலே பாத்ததில்லக்கா. நெசமாவே தண்ணி அப்பிடி உப்பு கரிக்குமா?”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதற்குத்தானே தொட்டி வைத்தேன்! மூடியைத் தூக்கினேன். “கைய வுட்டு ஒரு சொட்டு நாக்குல வெச்சிப் பாரு” என்றேன்.

“வேணாங்க்கா... யார்னா எதுனா சொல்லுவாங்க.”

“யாரு சொல்றது? என் தொட்டி. நான் சொல்றேன், வை.”

நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதியிருக்கிறேன். மறுபடி ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்றேன், வை.

வளையலை மேலே ஏற்றிக்கொண்டு விரல் நுனியை நனைத்தாள். நாக்கில் வைத்தாள். “அய்யே! இன்னாக்கா இப்பிடிக் கரிக்குது!” என்று முகத்தைச் சுளித்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வாழ்க்கையில் முதன்முதலாகக் கடலைத் தொட்டவளின் சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது. எதிர்ச் சோபாவில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மணலூர்பேட்டைப் பெரியம்மா, என் மாமியாருடைய அக்கா, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கூடத் தாங்கவில்லை. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் படபடவென அடித்துக்கொண்டன. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மறுநாள் காலையில் எல்லாம் செத்து, சில மிதந்தும் சில கல்லிடுக்கில் சொருகியும் கிடந்தன. அந்த ஆரஞ்சு நிறம் வெளுத்துப் போயிருந்தது.

தண்ணீரைச் சோதிக்கிற மருந்து என்னிடம் இருந்தது. குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டேன். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாக மாறியது. அம்மோனியா! என் அவசரத்தின் நிறம் என் கையிலேயே இருந்தது. அதைப் பின்கட்டுச் சாக்கடையில் கொட்டி, குழாயைக் கழுவி, மருந்துப் பெட்டியைப் பரண்மேல் பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். யாரும் கேட்பதற்கு முன்பே ஒளித்தேன். இதற்கு என்ன சமாதானம் சொல்வது?

ஊரிலிருந்து வந்த சொந்தங்கள் இன்னும் கிளம்பவில்லை. கூடத்தில் கூடிவிட்டார்கள். பால் காய்ச்சின வீட்டில் உயிர் போயிருக்கிறது, அபசகுனம். அது யாராவது ஒருவர் தலையில் விழுந்தாக வேண்டும். இந்த மருமகள் கை ராசியில்லாத கை என்று என் தலையில் விழலாம். கோமியத்தைச் சாய்த்த மாமியார் தலையில் விழலாம். அதைச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

மணலூர்பேட்டைப் பெரியம்மாதான் ஆரம்பித்தார். “அந்த மலக்காரப் பொண்ணு தொட்டிக்குள்ள கைய வுட்டுச்சே, யாரும் பாக்கலியா? நான் பாத்தேன். மருந்து மாயம்லாம் கத்துக்கினுதான் அங்கேருந்து எறங்குதுங்க.”

என்ன நியாயம் இது? யாருடைய ஊரில் யார் பிறந்தால் என்ன? அந்த மலையில் விளைந்த சாமையை முந்தின நாள் பொங்கல் வைத்துச் சாப்பிட்ட வாய் அது! கடுக்காயும் தேனும் மலையிலிருந்து இறங்கினால் இனிக்கின்றன, ஒரு பெண் இறங்கி வந்தால் மட்டும் அவள் கையில் மருந்தா? இதெல்லாம் எனக்கு இப்போது நன்றாக வருகிறது. அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

மாமியார் என் பக்கம் திரும்பினார். “கலா, அவ தொட்டில கை வுட்டாளா?”

மஞ்சுளா சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பயமே இல்லை. என்னைத்தான் பார்த்தாள். அக்கா சொல்வாள் என்று காத்திருந்தாள்.

“ஆமாத்தே, வுட்டா” என்றேன்.

பொய் இல்லை, பார்த்தீர்களா? அவள் கை விட்டது உண்மைதான். நான் வைக்கச் சொன்னேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. வக்கீல்கூட இவ்வளவு சுத்தமாக ஒருத்தியைக் கவிழ்க்க மாட்டார்.

“கையில எதுனா வெச்சிருந்தாளா?”

“நான் கவனிக்கல அத்தே.”

இது பொய். முழுப் பொய். அந்தக் கையில் கண்ணாடி வளையலைத் தவிர எதுவும் இல்லை.

“அக்கா...” என்றாள் மஞ்சுளா. ஒரே ஒரு முறை. நான் குனிந்து வலையால் ஒரு செத்த மீனை எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

மாமியார் உள்ளே போய்ச் சாமைப் பையையும் தேன் பாட்டிலையும் எடுத்துவந்து தெருச் சாக்கடையில் கொட்டினார். சரவணன் கத்தினான், அழுதான், கடைசியில் என்னிடம் வந்தான். “அண்ணி, நீங்க படிச்சவங்க. தண்ணில இன்னா கோளாறுன்னு நீங்களாச்சும் சொல்லுங்க.”

“எனக்கு இன்னாப்பா தெரியும்? நானே இப்பதான் புதுசா கத்துக்கினு இருக்கேன்” என்றேன்.

எனக்கே பாடமா என்று கடைக்காரரிடம் முறைத்துக்கொண்டவள்தான்! வேண்டும்போது டீச்சர், வேண்டாதபோது கத்துக்குட்டி. அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அன்று மதியமே மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மஞ்சுளா போகும்போது என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அக்காதான் வைக்கச் சொன்னாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஏன் சொல்லவில்லை? நானே சொல்வேன் என்று வாசற்படி வரைக்கும் நம்பினாளா? சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அதற்குள் தெரிந்துகொண்டுவிட்டாளா? இரண்டில் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதுவாக இருந்தாலும் அது என் முகத்தில் விழுந்த அறைதான்.

அவர்கள் புதுச்சேரிக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள். மஞ்சுளாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேத்தியைப் பார்க்க மாமியார் போகவில்லை. பெரியவர்கள் போகாத இடத்துக்கு நாம் எப்படிப் போவது என்று என் கணவர் சொன்னார். நான் சரி என்றேன். எதற்குத்தான் நான் சரி என்று சொல்லவில்லை?

தொட்டியைக் காலி செய்து மறுபடி நிரப்பினேன். இந்த முறை ஒழுங்காகக் காத்திருந்தேன். கற்களில் பழுப்புப் பாசி படிந்து, பிறகு அது போய், சோதனைக் குழாய் மஞ்சளாகவே நிற்கும்வரை மீன் வாங்கவில்லை. வாங்கியதும் இரண்டே மீன்தான். இப்போது அமோகமாக இருக்கின்றன. பார்க்கிறவர்கள், “எப்படி டீச்சர் இவ்ளோ அழகா பாத்துக்கறீங்க?” என்று கேட்கிறார்கள். “பொறுமைதான் வேணும்” என்கிறேன். வாய் கூசாமல்!

தொட்டிக்கு மேலே ஒரு ஆணி அடித்திருக்கிறது. அதில் ஓர் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கரியும் கோத்துத் தொங்குகின்றன. மஞ்சுளாவின் கண் திரும்ப விழக் கூடாது என்று மாமியார் கட்டச் சொன்னது. வெள்ளிக்கிழமை தோறும் மாற்ற வேண்டும். அவருக்கு மூட்டுவலி, நாற்காலியில் ஏற முடியாது. ஏறி மாற்றுகிறவள் நான். பள்ளியில் அறிவியல் தினத்துக்கு மூடநம்பிக்கை ஒழிப்பு என்று பிள்ளைகள் வரைந்த படங்களுக்கு மதிப்பெண் போடுகிறவளும் நானே. எலுமிச்சம்பழத்தின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்த படத்துக்கு முதல் பரிசு கொடுத்தேன். காறித் துப்பத் தோன்றுகிறதா? துப்புங்கள். எனக்கும் தோன்றுகிறது.

இதோடு முடிந்திருந்தால்கூட உங்களிடம் வந்திருக்க மாட்டேனோ என்னவோ. போன வாரம் ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா, நான் மஞ்சுளா. பாப்பாவ பீச்சுக்குத் தூக்கினு வந்தோம்க்கா. தண்ணிய எடுத்து நாக்குல வெச்சிப் பாத்தேன். நெசமாவே ஒங்க தொட்டித் தண்ணி மாறியேதான் கரிக்குது! ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு தோணிச்சி.”

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. பின்னால் அலைச் சத்தமும் ஒரு குழந்தையின் சிரிப்பும் கேட்டன.

“மீனுங்க நல்லா இருக்குதுங்களாக்கா?”

“இருக்குதும்மா...”

அவள் போனை வைக்கவில்லை. “அக்கா...” என்றாள். அன்றைக்குச் சமையலறை வாசலில் கூப்பிட்ட அதே குரல். என் பக்கத்தில் மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நான் சொன்னால் போதும். நான்தான் வைக்கச் சொன்னேன் அத்தே, தப்பு என்னுடையது என்று ஒரே வாக்கியம். அவர் காதிலும் விழும், அவள் காதிலும் விழும். வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்!

“யாரும்மா போன்ல?” என்றார் மாமியார்.

“ஸ்கூல்லேருந்து அத்தே.”

அந்தப் பக்கம் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மஞ்சுளா, என் மாமியாருக்குக் கேட்டாலும் சந்தேகம் வராத மாதிரி, “சரிங்க டீச்சர், வெச்சிடறேன்” என்றாள்.

மறுபடியும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“ஏம்மா, இன்னிக்கி வெள்ளிக்கெழம” என்று மாமியார் ஞாபகப்படுத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். வாடிய பழத்தை அவிழ்த்துவிட்டு, புதுப் பழத்தை ஊசியில் கோத்து, ஆணியில் கட்டினேன்.